மாப்ளைக்குக் காய்ச்சல்... மூணு ப்ராஜெக்ட் க்ளோஸ்!

ஒரு கையில மினி ப்ராஜெக்ட். இன்னொரு கையில சிம்போசியம் வேலை. தலைக்கு மேல இன்டர்னல் டெஸ்ட். தோள்ல போன செமஸ்டர் அரியர். வாய்ல... வேற என்ன, கேன்டீன் பஜ்ஜி!

இந்த போஸ்லதான் நீங்க இப்போ நிக்கறீங்கன்னா, கை கொடுங்க பாஸ். நாமெல்லாம் ஒரே கட்சி!

'மல்ட்டி டாஸ்க்கிங்'னு இதுக்கு ஒரு கெத்தான பேர் வெச்சிருக்கோம். ரெஸ்யூம்லகூட அதுக்கு ஒரு வரி ஒதுக்கறோம். ஆனா, நாலு வேலையை ஒரே நேரத்துல ஓட்டறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு சொதப்பினா அது மட்டும் தனியா சொதப்பாது. பக்கத்துல இருக்கறதையும் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் விழும். இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கலை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஃப்ளாஷ்பேக் போலாமா?

கேங்கோட 'ஆல் இன் ஆல்'

எங்க கேங்ல ஒருத்தன் இருக்கான். எல்லாருக்கும் அவன் 'மாப்ள'தான். சால்டரிங் அயர்னைக் கையில எடுத்தா, செத்துப் போன சர்க்யூட்டும் எழுந்து உட்காரும். போன செமஸ்டர்ல எங்களுக்கு மூணு வேலை ஒண்ணா ஓடிச்சு. டிபார்ட்மென்ட் ரிவ்யூவுக்கு ஒரு மினி ப்ராஜெக்ட். வெளி காலேஜ் போட்டிக்கு ஒரு ரோபோ. எங்க சிம்போசியத்துல ஒரு லைவ் டெமோ. மூணுக்கும் டீம் வேற, கைடு வேற, தேதியும் வேற. ஆனா, மூணுலயும் ஹார்டுவேர் யாரு? மாப்ளதான்!

யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து அப்படிப் பண்ணலை. 'அவன் பார்த்துப்பான்'னு ஒவ்வொரு டீமும் தனித்தனியா நினைச்சுச்சு. அவனும் 'முடியாது'ன்னு சொல்ற டைப் இல்லை.

ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கறப்போ பயலுக்குக் காய்ச்சல். யார்கிட்டயும் சொல்லலை. மாத்திரையைப் போட்டுக்கிட்டு லேப்புக்கு வந்தான். 'ஏன்டா டல்லா இருக்க?'ன்னு கேட்டா, 'தூக்கம் இல்லடா'ன்னான். நாங்களும் நம்பிட்டோம். உண்மையைச் சொல்லணும்னா, நம்பறது எங்களுக்கு வசதியா இருந்துச்சு. அஞ்சாவது நாள் ஹாஸ்டல் படிக்கட்டுலயே உட்கார்ந்துட்டான். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டுப் போனோம். டைஃபாய்டு.

அப்புறம் என்ன? ரிவ்யூவுல பாதி போர்டைக் காட்டி வாங்கிக் கட்டிக்கிட்டோம். போட்டிக்குப் பேர் கொடுத்ததோட சரி. சிம்போசியத்துல லைவ் டெமோவுக்குப் பதிலா சார்ட் பேப்பர் ஒட்டினோம். ஒரே வாரத்துல மூணு பல்பு!

இதெல்லாம்கூட மறந்துடும். ஊர்லேர்ந்து ராத்திரி பஸ் பிடிச்சு, ஒரு கட்டைப் பையோட வந்து இறங்கின அவங்கம்மா எங்களைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் மறக்கலை. 'ஏம்ப்பா... நாலு நாளா காய்ச்சலாம். கூடவே இருந்த உங்க ஒருத்தருக்குமா தெரியலை?'

எங்கள்ல யார்கிட்டயும் பதில் இல்லை.

செவ்வாய்க்குப் போன சொதப்பல்

அவன் தேறி வர்ற வரைக்கும் எனக்கு மண்டைக்குள்ள அதே ஓட்டம்தான். நாம மட்டும்தான் இப்படியா, இல்ல பெரிய கைகளும் இப்படி வழுக்கி விழுந்திருக்காங்களான்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். வந்து மாட்டினது யாரு தெரியுமா? சாட்சாத் நாசா!

1992-ல நாசாவுக்குத் தலைவரா வந்தவர் டேனியல் கோல்டின். 'பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கோடி கோடியா கொட்டி ஒரே ஒரு விண்கலம் விடறதுக்குப் பதிலா, சின்னச் சின்னதா, சீக்கிரமா, மலிவா நிறைய விடுவோம். ஒண்ணு ரெண்டு போனாலும் மொத்தத்துல லாபம்'கிறதுதான் அவரோட பாலிசி. 'வேகமா, சிறப்பா, மலிவா'ன்னு கோஷமே உண்டு. ஐடியா தப்புன்னு சொல்லிட முடியாது. 1997 ஜூலை 4-ம் தேதி செவ்வாய்ல இறங்கி, ஒரு குட்டி வண்டியை ஓட்டிக் காட்டின 'பாத்ஃபைண்டர்' இந்தப் பாலிசியில பொறந்த குழந்தைதான். உலகமே கை தட்டிச்சு.

அடுத்த ரவுண்டுக்கு ரெண்டு கலம் ரெடியாச்சு. 1998 டிசம்பர்ல 'மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்', 1999 ஜனவரியில 'மார்ஸ் போலார் லேண்டர்'. ஒண்ணு செவ்வாயைச் சுத்தி வரணும். இன்னொண்ணு தென் துருவத்துக்குப் பக்கத்துல இறங்கணும். ரெண்டுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 32 கோடியே 76 லட்சம் டாலர். நமக்கு இது கற்பனைக்கே எட்டாத தொகை. ஆனா, செய்ய வேண்டிய வேலைக்கு இது குறைஞ்சது 30 சதவிகிதம் பத்தாதுன்னு பின்னால வந்த விசாரணைக் குழு சொல்லிச்சு.

தேதியையும் தள்ளிப் போட முடியாது. பூமியும் செவ்வாயும் தோதா அமையற நேரம் சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதை விட்டா அடுத்த பஸ் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். நம்ம செமஸ்டர் டைம்டேபிள் மாதிரியே கறார்! பணமும் பத்தலை, தேதியும் நகராதுன்னா எதைப் பிழிவாங்க? மனுஷங்களைத்தான். கலத்தை உருவாக்கின டீம்ல பெரும்பாலானவங்க வாரத்துக்கு 60 மணி நேரம் உழைச்சாங்க. சிலர் 80 மணி நேரம்.

226... 170... 110... 57!

1999 செப்டம்பர் 23. ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்குது. தரையிலேர்ந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்துல போகணும்கிறது ப்ளான். கிரகத்துக்குப் பின்னால போச்சு... திரும்பி வரவே இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஃபிசிக்ஸ் லேப்ல வாத்தியார் திட்டுவாரே, 'யூனிட் எங்கய்யா?'ன்னு... அதேதான்! கலத்தைக் கட்டின லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோட சாஃப்ட்வேர், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-செகண்டுல கொடுத்துச்சு. கலத்துக்கு வழி சொல்ற டீம் அதை நியூட்டன்-செகண்டுன்னு நினைச்சு எடுத்துக்கிச்சு. ஒரு பவுண்டு விசைங்கிறது சுமார் 4.45 நியூட்டன். ஒவ்வொரு சின்ன உந்தலுக்கும் நாலரை மடங்கு தப்பு. ஒன்பது மாசப் பயணத்துல அந்தத் தப்பு சேர்ந்துக்கிட்டே வந்துச்சு.

'யூனிட் மாத்த மறந்துட்டாங்க'ன்னு சிரிச்சுட்டு எல்லாரும் கதையை இங்கேயே முடிச்சுடுவாங்க. ஆனா விசாரணைக் குழு அதோட விடலை. 'ஒரு தப்பு நடக்கறது சகஜம். ஒன்பது மாசமா அது ஏன் யார் கண்ணுலயும் படலை?'ன்னு நோண்டிச்சு. அங்கேதான் நம்ம மேட்டர் இருக்கு.

அந்த நேரத்துல செவ்வாய்க் கலங்களை இயக்கின குழு ஒரே சமயத்துல மூணு மிஷனை ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏற்கெனவே செவ்வாயைச் சுத்திக்கிட்டு இருந்த 'மார்ஸ் குளோபல் சர்வேயர்', போய்க்கிட்டு இருந்த ஆர்பிட்டர், அதுக்குப் பின்னாலயே வந்துக்கிட்டு இருந்த லேண்டர். வழி பார்க்கற டீம்ல ஆள் குறைவு. மூணு பக்கமும் கவனம் சிதறினதுல, எதோட மேலயும் முழுக் கண் இல்லை.

இவ்வளவுக்கும் சிக்னல் வராம இல்லை. கடைசி வாரத்துல போட்ட கணக்குல உயரம் 226 இல்லை, 150-லேர்ந்து 170-க்குள்ளன்னு வந்துச்சு. கடைசி 24 மணி நேரத்துல 110-ன்னு வந்துச்சு. 80-க்குக் கீழே போனா கலம் தாங்காது. எல்லாம் முடிஞ்ச பிறகு பார்த்தா நிஜம் 57! பாதையைத் திருத்த அஞ்சாவது தடவையா ஒரு உந்தல் கொடுக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. ஆனா அதுக்கு யாரும் தயாரா இல்லை, கொடுக்கலை. அதுக்கு முன்னாலயே 'ஏதோ இடிக்குதே'ன்னு சிலர் பேச்சுவாக்குல சொல்லியிருக்காங்க, இ-மெயில்லயும் அனுப்பியிருக்காங்க. கோளாறைப் பதியறதுக்குன்னே இருந்த முறையான பதிவுல மட்டும் அது ஏறவே இல்லை. பதிவுல ஏறாததை யாரும் துரத்திப் பிடிச்சு முடிக்க மாட்டாங்களே!

71 நாள் கழிச்சு, டிசம்பர் 3-ம் தேதி, போலார் லேண்டரும் காலி. கால்களை விரிக்கற அதிர்வையே 'தரையைத் தொட்டாச்சு'ன்னு அதோட சாஃப்ட்வேர் தப்பா எடுத்துக்கிட்டு, சுமார் 40 மீட்டர் உயரத்துலயே இன்ஜினை நிறுத்தியிருக்கணும்... பெரும்பாலும் இதுதான் காரணம்னு விசாரணையில முடிவுக்கு வந்தாங்க. கால் சென்சாருக்கு டெஸ்ட் பண்ணும்போது வயரைத் தப்பாக் கொடுத்திருந்தாங்க. வயரைச் சரி பண்ணினவங்க, அந்த டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணலை. அந்தக் கலத்தோடயே ஒட்டிக்கிட்டுப் போன ரெண்டு குட்டி ஆய்வுக் கலங்கள்லேர்ந்தும் ஒரு 'பீப்' சத்தம்கூட வரலை.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னுச்சு. 'நிறைய விட்டா ஒண்ணு ரெண்டுதான் போகும்'னு போட்ட கணக்கு ஏன் பொய்யாச்சு? கலங்கள் வேற வேறதான். ஆனா பணம், நேரம், ஆளுங்க, டென்ஷன் எல்லாத்துக்கும் ஊற்று ஒண்ணுதான். எங்க மூணு டீமுக்கும் ஒரே மாப்ள மாதிரி!

கால்குலேட்டரைக் கொஞ்சம் எடுங்க

நாம இன்ஜினீயரிங் பார்ட்டிங்களாச்சே... கணக்கு இல்லாம எப்படி?

உங்ககிட்ட நாலு வேலை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒழுங்கா முடிய 80 சதவிகிதம் சான்ஸ். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லை. நாலுமே முடியற சான்ஸ் எவ்வளவு? 0.8-ஐ நாலு தடவை பெருக்குங்க. 0.41 வரும். அதாவது, 'ஒவ்வொண்ணும் ஈஸியா முடிச்சுடலாம்'னு நம்பற ஆள்கூட, நாலையும் முடிக்கறது பாதிக்கும் கம்மியான சான்ஸ்தான். இதுல வருத்தப்பட ஒண்ணும் இல்லை. ஏதோ ஒண்ணு இடிக்கத்தான் செய்யும்னு முன்கூட்டியே தெரிஞ்சா ப்ளான் பண்ணலாம், அவ்வளவுதான்.

இப்போ மறுபக்கம் பாருங்க. நாலுமே ஊத்திக்கற சான்ஸ்? 0.2-ஐ நாலு தடவை பெருக்கினா 0.0016. பத்தாயிரத்துக்கு வெறும் 16.

சரி, நாலு வேலையும் ஒரே ஒரு ஆளை நம்பி இருக்கு, அவர் நல்லா இருக்க 80 சதவிகிதம் சான்ஸ்னு வைங்க. அவர் இருந்தா நாலும் முடியும். அதாவது சான்ஸ் 41-லேர்ந்து 80-க்கு ஏறிடுது! அதனாலதான் நாம எல்லாரும் ஒரே மாப்ளையைப் போய்ப் பிடிக்கறோம். ஆனா அவர் படுத்தா? நாலும் மொத்தமா போற சான்ஸ் 20 சதவிகிதம். பத்தாயிரத்துக்கு 16 எங்கே, 2,000 எங்கே! இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நாலு பேர் வேலையை ஒருத்தர் மேல ஏத்தினா, அந்த 80-ம் அப்படியே நிக்குமா என்ன?

பங்கு மார்க்கெட்காரங்க இதை எப்பவோ பிடிச்சுட்டாங்க. 1952-ல ஹாரி மார்க்கோவிட்ஸ்ங்கிற இளைஞர், 'எத்தனை பங்கு வாங்கறேங்கறது மட்டும் முக்கியம் இல்லை. அதெல்லாம் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குதாங்கறதுதான் முக்கியம்'னு கணக்குப் போட்டுக் காட்டினார். 1990-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுச்சு. பத்து முட்டையைப் பத்துக் கூடையில வெச்சாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. பத்துக் கூடையும் ஒரே சைக்கிள் கேரியர்ல இருக்கான்னும் பார்க்கணும்!

சரி, என்னதான் பண்றது?

வேலையைக் குறைச்சுக்கோன்னு சொல்றது ஈஸி. செமஸ்டர் கேக்குமா? அதனால, குறைக்க முடியாதப்போ என்ன பண்ணலாம்னு நாங்க உட்கார்ந்து பேசினோம். இந்த செமஸ்டர்ல அதைத்தான் ஃபாலோ பண்றோம்.

1. மூணு நம்பர் பட்டியல்

ஒரு நோட்டுல, 'என்னென்ன இடிக்கலாம்'னு எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நடக்கற வாய்ப்புக்கு 1-லேர்ந்து 5 வரைக்கும் ஒரு நம்பர். நடந்தா வர்ற சேதத்துக்கு 1-லேர்ந்து 5 வரைக்கும் இன்னொரு நம்பர். இது கம்பெனிகள்லயும் இருக்கறதுதான். நாங்க மூணாவதா ஒரு நம்பரையும் சேர்த்துக்கிட்டோம். அது எத்தனை ப்ராஜெக்ட்டை அடிக்கும்? மூணையும் பெருக்குங்க.

சென்சார் கூரியர்ல லேட்டா வரும்: வாய்ப்பு 4, சேதம் 3, ப்ராஜெக்ட் 1. பெருக்கினா 12. ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து வாங்காம விட்டுடுவோம்: 5, 2, 1. பெருக்கினா 10. மாப்ள படுத்துடுவான்: 2, 5, 3. பெருக்கினா 30! 'அவனுக்கு என்ன, இரும்பு மாதிரி இருக்கான்'னு நாங்க யோசிக்கவே யோசிக்காத விஷயம், பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்து நிக்குது. இந்த நம்பர் ஒண்ணும் வேத வாக்கு இல்லை. எதைப் பத்தி முதல்ல கவலைப்படணும்னு வரிசைப்படுத்தத்தான். தனித்தனி டீமா உட்கார்ந்து போட்டா அந்த மூணாவது நம்பர் கண்ணுக்கே தெரியாது. அதனால, எல்லா டீம்லேர்ந்தும் ஒருத்தராவது உட்கார்ந்து ஒண்ணா போடணும்.

2. ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டாவது கை

எக்ஸ்பெர்ட் ரெண்டு பேர் வேணும்னு இல்லை. 'அவன் இல்லாட்டி நான் சுமாராவாவது ஒப்பேத்துவேன்'னு சொல்ல ஒரு ஆள் போதும். இப்போ எங்க கேங்ல நானும் சால்டரிங் பண்றேன். ரெண்டு விரலைச் சுட்டுக்கிட்டாச்சு, நாலு ஐ.சி-யைச் சுட்டாச்சு. பரவாயில்லை! இது ஆளுக்கு மட்டும் இல்லை. ஒரே லேப்டாப், ஒரே பென் டிரைவ், ஒரே லேப் சாவி... 'ஒரே'ன்னு எங்கே ஆரம்பிச்சாலும் அங்கே ஒரு ஆப்பு காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

3. ஒண்ணை முடிச்சுட்டு ஒண்ணு

மூணு வேலை, ஒவ்வொண்ணுக்கும் பத்து நாள். தினம் ஒண்ணா மாத்தி மாத்திப் பண்ணினா 28, 29, 30-வது நாள்ல மூணும் முடியும். ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததைத் தொட்டா 10, 20, 30-வது நாள். கடைசித் தேதி ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா 25-வது நாள் காய்ச்சல் வந்தா? மாத்தி மாத்திப் பண்றவர் கையில முடிஞ்சது ஒண்ணுகூட இருக்காது. வரிசையா பண்றவர் கையில ரெண்டு முழுசா இருக்கும், மூணாவதும் பாதி முடிஞ்சிருக்கும். பார்ட்ஸ் வரக் காத்திருக்கற நாள்ல மட்டும் அடுத்ததைத் தொடுங்க.

4. கெட்ட சேதிக்கு ஒரே இடம்

226, 170, 110... நம்பர் இறங்கிக்கிட்டே வந்தும் யாரும் சங்கை ஊதலையே, அந்தக் கதை நமக்கு வேண்டாம். கேன்டீன்ல 'மோட்டார் கொஞ்சம் சூடாகுதுடா'ன்னு சொன்னா அது சொன்னதா ஆகாது. நோட்டுல எழுதணும். எழுதினதுக்கு ஒருத்தர் பேர் போடணும். அவர் சரி பண்ணி அடிக்கற வரைக்கும் அந்த வரி அங்கேயே இருக்கணும். வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டீ குடிக்கற நேரத்துல நோட்டைப் புரட்டினா போதும். எழுதினவரை 'ஏன்டா பயமுறுத்தற?'ன்னு கலாய்க்கக் கூடாதுன்னு ஒரு ரூலும் உண்டு. கலாய்ச்சா அன்னிக்கு டீ செலவு அவரோடது!

5. நிறுத்தற தேதியை முதல்லயே எழுதுங்க

'இந்தத் தேதிக்குள்ள இது ஓடலைன்னா இதை விட்டுட்டு மத்த ரெண்டைக் காப்பாத்துவோம்'னு தலை குளுகுளுன்னு இருக்கறப்பவே முடிவு பண்ணிடணும். கடைசி ராத்திரி மூணு மணிக்கு யாராலயும் அந்த முடிவை எடுக்க முடியாது. அதுவரைக்கும் செலவழிச்ச காசும் தூக்கமும் கையைப் பிடிச்சு இழுக்கும்.

விட்டா எல்லாம் வேஸ்ட்டுன்னு நினைக்காதீங்க. ரெண்டு கலமும் போனதுக்கப்புறம், 2001-ல போக வேண்டிய அடுத்த லேண்டரை நாசா நிறுத்திடுச்சு. அதே மாதிரியான டிசைன், அதே ஆபத்து இருக்கலாமேங்கற பயம். கட்டின உடம்பைப் பத்திரமா எடுத்து வெச்சாங்க. பிற்பாடு அதை எடுத்துத் தூசி தட்டி, ஏகப்பட்ட சோதனை பண்ணி, புதுப் பேர் வெச்சு அனுப்பினாங்க. 2008 மே 25-ம் தேதி அது செவ்வாயோட வட துருவப் பக்கத்துல பத்திரமா இறங்கிச்சு. பேர் என்ன தெரியுமா? 'ஃபீனிக்ஸ்'!

இரட்டையர் சொன்ன சேதி

ரெண்டு வேலையை ஒண்ணா ஓட்டறதுல நல்லதே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1999-ல பட்ட அடிக்கப்புறம், ஒரே டிசைன்ல ரெண்டு ரோவர் அனுப்பலாம்னு நாசா முடிவெடுத்துச்சு. 'ஸ்பிரிட்', 'ஆப்பர்ச்சுனிட்டி'. தனித்தனி ராக்கெட், தனித்தனி இறங்கற இடம், நடுவுல மூணு வாரம் இடைவெளி.

2004 ஜனவரி 4-ம் தேதி ஸ்பிரிட் இறங்கிச்சு. 21-ம் தேதி திடீர்னு பேச்சு நின்னுச்சு. நம்ம பழைய மொபைல் மாதிரி தானா ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கிட்டே இருந்துச்சு, 60 தடவைக்கு மேல! நோண்டிப் பார்த்தா, ஃப்ளாஷ் மெமரியில ஃபைல் ரொம்பிப் போச்சு. வேண்டாத ஃபைலைத் தூக்கிப் போட்டதும் ஆள் எழுந்துட்டார். இந்தக் களேபரத்துக்கு நடுவுலயே 25-ம் தேதி ஆப்பர்ச்சுனிட்டி இறங்கிச்சு. ஒரே டிசைன்னா நோயும் ஒண்ணாத்தானே இருக்கும்? ஆனா அண்ணனுக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சதால, தம்பிக்கு வர்றதுக்கு முன்னாலயே வைத்தியம் தெரிஞ்சுபோச்சு. 90 செவ்வாய் நாள் ஓடினா போதும்னு அனுப்பின வண்டிங்க. ஸ்பிரிட் 2010 வரைக்கும் பேசிச்சு. ஆப்பர்ச்சுனிட்டி 2018 வரைக்கும்!

ஒரு ப்ராஜெக்ட்ல பட்ட அடியை அடுத்த ப்ராஜெக்ட் காதுல உடனே போடறவங்களுக்கு, பல வேலை ஒரே நேரத்துல இருக்கறது ஒரு பலமும்தான். எங்க மினி ப்ராஜெக்ட்ல பவர் சப்ளை காலை வாரினதை ரோபோ டீமுக்கு யாரும் சொல்லலை. அவங்களும் அதே சப்ளையை வாங்கி, அதே இடத்துல, அதே மாதிரி மாட்டினாங்க. ஒரே ஹாஸ்டல், பக்கத்துப் பக்கத்து ரூம்!

நோட்டோட முதல் பக்கம்

மாப்ள திரும்பி வந்தப்போ பாதியா இளைச்சிருந்தான். 'சாரிடா, என்னாலதான் எல்லாம் போச்சு'ன்னான். கேட்கவே கஷ்டமா இருந்துச்சு. அவனால எதுவும் போகலை. அவன் மேல நாங்க மூணு மாடி கட்டிட்டு, அஸ்திவாரம் எப்படி இருக்குன்னு எட்டிக்கூடப் பார்க்கலை. 'ரிஸ்க்'னா என்னமோ ப்ராஜெக்ட்டுக்கு வர்றதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தோம். அந்த ரிஸ்க்கைத் தூக்கிச் சுமக்கறது எப்பவுமே ஒரு ஆள்தான்.

அதனால இந்த செமஸ்டர் நோட்டுல முதல் பக்கத்துல எந்த சர்க்யூட்டும் இல்லை, எந்தத் தேதியும் இல்லை. எங்க எல்லார் பேரும் வரிசையா இருக்கு. பக்கத்துல ஒரு கட்டம். ஞாயித்துக்கிழமை டீக்கு முன்னால ஒவ்வொருத்தரும் அதுல எழுதணும்: 'இந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினேன், உடம்பு எப்படி, யாராவது கை கொடுக்கணுமா?' முதல் வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. மூணாவது வாரம் ஒருத்தி, 'அரியர் பயமா இருக்கு. டெமோ வேலையை யாராவது பாதி வாங்கிக்கோங்க'ன்னு எழுதினா. வாங்கிக்கிட்டோம்.

ரோபோ இன்னும் நேரா ஓடலை, லேசா இடது பக்கம் இழுக்குது. போன வாரமே நோட்டுல ஏத்தியாச்சு. பக்கத்துல போட்டிருக்கறது என் பேர். மாப்ள பேர் இல்லை!

உங்க கேங்லயும் ஒரு மாப்ள கண்டிப்பா இருப்பார். பக்கத்தைப் புரட்டறதுக்கு முன்னால அவருக்கு ஒரு போன் போடுங்க. ப்ராஜெக்ட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல 'சாப்பிட்டியாடா?'ன்னு கேளுங்க!